17 மாதத்தில் உலகம் முழுக்க: சாப்ளின் பைத்தியம் எப்படிப் பரவியது?

மூன்றாம்_ஆட்டம் கேட்டது:

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு, ஏழு வயது, சாப்ளின் குறும்படம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கருப்பு வெள்ளை, பேச்சும் கிடையாது, ஐந்து நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். முழுசாகப் பார்த்தாள். சாயங்காலம் பார்த்தால் தாத்தாவின் குடையை ஊன்றிக்கொண்டு, பாதங்களைப் பக்கவாட்டில் விரித்து வைத்துக் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதற்கப்புறம் உட்கார்ந்து தேதிகளைப் பார்த்தேன், அதில்தான் குழப்பம். சாப்ளினின் முதல் படம் 1914 பிப்ரவரி 2 அன்று வெளியாகிறது. அதற்கு முந்தின நாள்வரை சினிமா உலகில் அவரை யாருக்கும் தெரியாது, ஃபிரெட் கார்னோ என்பவரின் இங்கிலாந்து நாடகக் குழுவோடு அமெரிக்கா வந்து மேடையில் குடிகாரனாக விழுந்து எழுந்துகொண்டிருந்த 24 வயதுப் பையன். 1915 ஜூலையில் மோஷன் பிக்சர் மேகசின் என்ற அமெரிக்கப் பத்திரிகை ‘சாப்ளினைட்டிஸ்’ என்று தலைப்புப் போட்டு, நாட்டையே ஒரு தொற்றுநோய் பிடித்துவிட்ட மாதிரி எழுதுகிறது. நடுவில் இருப்பது வெறும் 17 மாதம்.

வானொலி ஒலிபரப்பு அப்போது தொடங்கவே இல்லை. படத்தில் பேச்சு இல்லாததால் வசனம் பிரபலமாகி வாய்வழியாகப் பரவவும் வழியில்லை. அப்படியென்றால் யார் பரப்பினார்கள்? ஸ்டுடியோக்காரர்கள் காசைக் கொட்டி விளம்பரம் செய்தார்களா, அல்லது தானாக நடந்ததா? அவருக்கு முன்னால் வேறு எந்தச் சினிமாக்காரருக்காவது இப்படிக் கூட்டம் கூடியதா? ‘அவர் ஒரு மேதை’ என்று ஒரு வரியில் பதில் போடுபவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. மேதை என்பது எனக்கும் தெரியும்.


பழைய_ரீல்:

நல்ல கேள்வி. பாதிப் பதில் ‘மேதை’யில் இல்லை, பிரதிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

முதலில் ஸ்டுடியோ விளம்பரம் என்பதைத் தள்ளிவிடலாம், குறைந்தது முதல் ஆண்டுக்கு. அவரைச் சேர்த்துக்கொண்ட கீஸ்டோன் கம்பெனி, லாஸ் ஏஞ்சலஸில் ஈடன்டேல் என்ற பகுதியில் மாக் சென்னட் நடத்தியது, நடிகர் பெயரைப் படத்தின் தலைப்பு அட்டையில் போடும் வழக்கமே இல்லாத இடம். ‘கீஸ்டோன் காமெடி’ என்பதுதான் சரக்கின் பெயர், உள்ளே யார் விழுந்து எழுகிறார்கள் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். சாப்ளினுக்கு வாரம் 150 டாலர் சம்பளம். சென்னட்டுக்கு ஆரம்பத்தில் நம்பிக்கையும் குறைவுதான். மேடையில் கிழட்டுக் குடிகாரனாகப் பார்த்து எடுத்த ஆள் நேரில் வந்து நின்றால் சுருட்டைமுடி இளைஞன்! இயக்குநர்களோடும் ஒத்துப்போகவில்லை. முதல் படத்தை இயக்கிய ஹென்றி லேர்மனோடு சண்டை, அப்புறம் மேபல் நார்மண்ட் இயக்கியபோது அவரோடும் சண்டை. அந்தக் கட்டத்தில் ஆளை வெளியே அனுப்பிவிடும் யோசனையிலேயே இருந்திருக்கிறார்கள்.

என்ன காப்பாற்றியது தெரியுமா? நியூயார்க் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தந்தி. சாப்ளின் படங்களுக்கு ஏகக் கிராக்கி, இன்னும் சீக்கிரம் அனுப்பு என்று. இதை அவரே 1964இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார், எண்ணிக்கையோடு. கீஸ்டோன் படம் ஒன்றுக்கு வழக்கமாக 20 பிரதி போகும், 30 போனால் வெற்றி. அவருடைய நான்காவது படம் 45ஐத் தொட்டிருந்தது, மேலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதாவது பத்திரிகைக்காரனுக்கும் முதலாளிக்கும் தெரிவதற்கு முன்னாலேயே கொட்டகைக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான், ‘அந்தச் சின்ன மீசைக்காரன் படம் இன்னைக்கு இருக்கா?’ என்று பிள்ளைகள் வந்து கேட்பது அவன் காதில்தானே விழும். அவன் விநியோகக் கம்பெனியைக் கேட்கிறான், கம்பெனி நியூயார்க்கைக் கேட்கிறது, நியூயார்க் சென்னட்டுக்குத் தந்தி அடிக்கிறது. கீழிருந்து மேலே போன செய்தி இது.

அடுத்து, வேகம். 1914இல் மட்டும் கீஸ்டோனில் அவர் நடித்தவை 36 படங்கள். சராசரி போட்டால் ஒன்பது பத்து நாளைக்கு ஒன்று வருகிறது. இன்றைக்கு ஒரு நடிகர் வருஷத்துக்கு ஒரு படம் கொடுத்தால் ரசிகன் டிரெய்லரைப் பார்த்தே ஆறு மாதம் ஓட்ட வேண்டும். அன்றைக்குக் கொட்டகைகள் அடிக்கடி நிகழ்ச்சி மாற்றிய காலம், பல ஊர்களில் தினமும் மாற்றினார்கள். இந்த வாரம் பார்த்த ஆளை அடுத்த வாரமும் பார்க்கலாம், அதற்கு அடுத்த வாரமும். அதோடு பழைய படமும் ஓய்வதில்லை, பெரிய ஊரில் ஓடித் தேய்ந்த பிரதி சின்ன ஊருக்குப் போகும், அங்கிருந்து இன்னும் சின்ன ஊருக்கு. அவர் கீஸ்டோனை விட்டுப் போன பிறகும் கீஸ்டோன் சாப்ளின் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அந்த ஆண்டுக் கடைசியில் வாரம் 1,000 டாலர் கேட்டார், சென்னட் எனக்கே அவ்வளவு வருவதில்லை என்றார். எஸ்ஸனே கம்பெனி வாரம் 1,250 டாலர், கையெழுத்துக்கு 10,000 டாலர் என்று கூப்பிட்டுக்கொண்டது. இதில் வேடிக்கை, எஸ்ஸனேயின் இரண்டு முதலாளிகளில் ஒருவரான ஜார்ஜ் ஸ்பூருக்கு இந்த ஆள் யாரென்றே சரியாகத் தெரியாது, இவ்வளவு காசை எதற்குக் கொடுத்தோம் என்று பதறிப்போயிருக்கிறார். சிகாகோவில் ஒரு ஹோட்டலில் வேலைக்காரப் பையனிடம் சில்லறை கொடுத்து, ‘மிஸ்டர் சார்லி சாப்ளின்’ என்று உரக்கக் கூவிக்கொண்டே நடக்கச் சொன்னாராம். கூடத்தில் இருந்த கூட்டம் திமுதிமுவென்று எழுந்து தேடத் தொடங்கியது. அவருக்குத் திருப்தி. அதற்குள் எஸ்ஸனேயின் முதல் சாப்ளின் படத்துக்கு 130 பிரதி விற்றாகிவிட்டது, ஃபிலிம் அடிக்கு 13 சென்ட் என்று இருந்த விலையை 25 சென்ட் ஆக்கிவிட்டார்கள்.

சம்பளத்தையும் பாருங்கள். 1916 பிப்ரவரியில் மியூச்சுவல் கம்பெனியோடு ஒப்பந்தம், வாரம் 10,000 டாலர், கையெழுத்துக்கு மட்டும் 1,50,000. மொத்தம் ஆண்டுக்கு 6,70,000 டாலர். அமெரிக்க ஜனாதிபதிக்கு அப்போது ஆண்டுச் சம்பளம் 75,000. ஆளுக்கு வயது 26.


ஓரத்து_சீட்:

சாப்ளின் மாதிரி வேஷம் போடும் போட்டியில் சாப்ளினே கலந்துகொண்டு மூன்றாவது இடம் வந்தார். இதிலிருந்தே தெரியவில்லையா எவ்வளவு பெரிய அலை என்று? 😀


நடுநிசி_வாசகி:

@ஓரத்து_சீட் வந்துவிட்டது வாட்ஸ்அப்! மூன்றாவது என்பார்கள், 27ஆவது என்பார்கள், சிலர் இறுதிச் சுற்றுக்கே போகவில்லை என்பார்கள். இந்தக் கதை 1920 வாக்கிலேயே செய்தித்தாள்களில் ஓடியிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸிலும் வந்தது. நடிகை மேரி பிக்ஃபோர்ட் சொன்னதாக ஒரு விருந்தில் வேறொருவர் சொன்ன கதை, அந்த வடிவத்தில் 20ஆவது இடம். யாரோ சொன்னதை யாரோ கேட்டு எழுதியது, அவ்வளவுதான். நடந்தது என்று அடித்துச் சொல்ல ஒன்றும் கையில் இல்லை. நூறு வருஷமாக ஃபார்வர்ட் ஆகிக்கொண்டிருக்கும் செய்தி என்ற வகையில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

ஆனால் போட்டிகள் நடந்தது உண்மை. ஊருக்கு ஊர் கொட்டகைக்காரர்களும் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்களும் நடத்தினார்கள். பின்னாளில் பெரிய நகைச்சுவை நடிகரான பாப் ஹோப், சிறுவனாக இருந்தபோது கிளீவ்லாந்தில் அப்படி ஒரு போட்டியில் ஜெயித்ததாகச் சொல்லியிருக்கிறார். கொட்டகை வாசலில் ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டிய சாப்ளின், அதில் ‘இன்று நான் இங்கே இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கும். வேறு விளம்பரமே தேவைப்படவில்லை. கட்-அவுட்டை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த என் கர்வம் அன்றைக்கு உடைந்தது. (பாலாபிஷேகம் மட்டும் நம்முடையதுதான், அதில் சமரசமில்லை.)

கேள்வி கேட்டவருக்கு: பதில் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே குடையோடு நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேஷத்தில் என்னென்ன இருக்கிறது? தொப்பி, பிரம்பு, ஒட்டு மீசை, இறுக்கமான கோட்டு, தொளதொளவென்ற கால்சட்டை, பெரிய பூட்ஸ். கால்சட்டை கீஸ்டோனின் குண்டு நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளுடையது, பூட்ஸ் இன்னொரு கீஸ்டோன் நடிகர் ஃபோர்ட் ஸ்டெர்லிங்குடையது, அவ்வளவு பெரிதாக இருந்ததால் கழன்று விழாமலிருக்க இடம் வலம் மாற்றிப் போட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அது எப்படியோ, எல்லாமே அப்பாவின் பெட்டியிலிருந்து எடுக்கக்கூடிய சாமான். மீசைக்கு அடுப்புக்கரி போதும். முகம் அழகாக இருக்க வேண்டியதில்லை, சத்தம் போட வேண்டியதில்லை, எந்த மொழியும் வேண்டாம். அவருக்கு முன்னால் இருந்த நட்சத்திரங்களை ரசிகர்கள் பார்த்தார்கள், இவரை மட்டும் நடித்துப் பார்த்தார்கள். என் வாதம் இதுதான், யாரும் சண்டைக்கு வரலாம்.

கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1915இலேயே பொம்மை, பாட்டுப் புத்தகம் எல்லாம் வந்துவிட்டது. அவர் கால்களைப் பற்றியே ஒரு பாட்டு. இங்கிலாந்தில் ஃபன்னி வொண்டர் என்ற சிறுவர் பத்திரிகையில் படக்கதை. அமெரிக்காவில் 1916இல் சிகாகோ ஹெரால்டில் அவரை வைத்துப் படக்கதை வரைந்த பையன் ஈ. சி. சீகர், பிற்பாடு பாப்பாய் என்ற மாலுமியை வரைந்தவர் அவர்தான்.


வெள்ளைத்_திரை:

‘அவருக்கு முன்னால் யாருக்காவது கூட்டம் கூடியதா’ என்ற கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். கூடியது. நன்றாகவே கூடியது. சாப்ளின் காய்ந்த நிலத்தில் முளைக்கவில்லை, உழுது தண்ணீர் பாய்ச்சி வைத்திருந்தார்கள்.

1910க்கு முன்னால் அமெரிக்கப் படங்களில் நடிகர் பெயர் சொல்லமாட்டார்கள், சொன்னால் சம்பளம் கூடக் கேட்பார்கள் என்ற பயமும் அதில் உண்டு. பையோகிராஃப் கம்பெனியின் பிரபலமான நடிகையை ஜனங்கள் ‘பையோகிராஃப் பெண்’ என்றே அழைத்தார்கள். அவர் பெயர் ஃபிளாரன்ஸ் லாரன்ஸ். தயாரிப்பாளர் கார்ல் லெம்லே அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்தார். அப்புறம் அந்த நடிகை விபத்தில் செத்துவிட்டார் என்று ஒரு புரளி. 1910 மார்ச்சில், அது பொய் என்று கொட்டை எழுத்தில் லெம்லே விளம்பரம் கொடுத்தார் (புரளியைக் கிளப்பியதே அவர்தான் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது), பிறகு அவரை செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு நேரில் கொண்டுவந்தார். கூட்டம் நெருக்கியடித்து அவர் கோட்டுப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போனதாகக் கதை.

அடுத்த ஆண்டே, 1911இல், ரசிகர் பத்திரிகைகள் தொடங்கிவிட்டன. மோஷன் பிக்சர் ஸ்டோரி மேகசின் என்று முதலில் ஆரம்பித்தது, மேலே சொன்ன ‘சாப்ளினைட்டிஸ்’ கட்டுரை வந்த பத்திரிகையின் பழைய பெயர் அதுதான். அதே ஆண்டு ஃபோட்டோபிளே. ஆரம்பத்தில் சினிமாப் படங்களின் கதைகளைச் சிறுகதையாக எழுதிப் போடத்தான் ஆரம்பித்தார்கள், ஆனால் வாசகர்கள் கதையைக் கேட்கவில்லை, அந்தப் பெண் யார், இந்தப் பையன் யார் என்று எழுதிக் கேட்டார்கள். கேள்வி-பதில் பகுதி அப்படி வந்ததுதான். கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டோம் என்று ஆரம்பத்தில் கறாராக இருந்தார்களாம். எத்தனை நாள் இருக்க முடியும்?

நகைச்சுவையில் பார்த்தால், அமெரிக்காவில் ஜான் பன்னி, விட்டாகிராஃப் கம்பெனி, பருத்த உடம்பு, உருண்டை முகம். உலகம் முழுக்கத் தெரிந்த முகம் அது. 1915 ஏப்ரல் 26 அன்று இறந்தார். சாப்ளினின் புகழ்பெற்ற ‘தி டிராம்ப்’ (நாடோடி) படம் வந்தது அதே ஏப்ரல் 11. இரண்டு வாரம்! இன்று பன்னி பெயரைச் சொன்னால் முயலா என்று கேட்பார்கள்.

அவருக்கும் முன்னால் பிரான்சில் மாக்ஸ் லாந்தே. பாத்தே கம்பெனிக்காக 1905இலிருந்து நடித்தார், பட்டுத் தொப்பி, பிரம்பு, மெல்லிய மீசை, பணக்கார மைனர் வேஷம். 1913 கடைசியில் ரஷ்யாவுக்குப் போனபோது அங்கும் கூட்டம் அலைமோதியது, மேடையில் அவருக்குப் பியானோ வாசித்தவர் அப்போது மாணவராக இருந்த டிமித்ரி தியோம்கின், பிற்காலத்தில் ஹாலிவுட்டின் பெரிய இசையமைப்பாளர். சாப்ளினே தன் படத்தில் கையெழுத்துப் போட்டு, ஆசிரியர் மாக்ஸுக்கு மாணவன் என்று எழுதிக் கொடுத்தவர். சாப்ளின் போன பிறகு அந்த இடத்தை நிரப்ப எஸ்ஸனே கம்பெனி லாந்தேயைத்தான் 1916இல் அமெரிக்காவுக்குக் கூட்டிவந்தது. மூன்று படத்தோடு முடிந்தது, முதல் இரண்டும் எடுபடவில்லை. போரில் அடிபட்ட உடம்பு வேறு. குரு சிஷ்யன் காலியாக விட்டுப்போன நாற்காலியில் உட்காரப் போய்த் தோற்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

அதனால் @நடுநிசி_வாசகி சொன்ன ‘சாமான் எளிது’ வாதத்தை முழுசாக ஏற்க முடியவில்லை. லாந்தேயிடமும் தொப்பி, பிரம்பு, மீசை மூன்றும் இருந்தன.


நடுநிசி_வாசகி:

@வெள்ளைத்_திரை பட்டுத் தொப்பியும் வாலுள்ள கோட்டும் எந்த மில் தொழிலாளி வீட்டில் இருக்கும் ஐயா? அதே மூன்று சாமானை அழுக்காக்கிக் கிழித்து ஏழைக்குக் கொடுத்ததுதான் இவர் செய்த வேலை. லாந்தேயாக வேஷம் போட முதலில் தையற்காரரிடம் போக வேண்டும்.


வெள்ளைத்_திரை:

சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு.


தூக்குச்சட்டி:

நகல் எடுத்தவர்களைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே, எனக்கு அதுதான் இதில் ருசியான பகுதி. சிறுவர்கள் தெருவில் செய்ததை, பெரியவர்கள் காசுக்குச் செய்தார்கள்.

பில்லி வெஸ்ட் என்று ஒருவர். 1917 வாக்கில் அச்சு அசலாக அதே வேஷம், அதே நடை, இன்றைக்கும் பழைய பிரதியில் நல்ல பார்வை இல்லாவிட்டால் ஏமாந்துவிடுவோம். அவர் படங்களில் தடித்த வில்லனாக வந்தவர் ஆலிவர் ஹார்டி, ஆமாம், லாரல்-ஹார்டியின் அதே ஹார்டி. இன்னொரு பக்கம் ஸ்டான் லாரல், சாப்ளினோடு ஒரே கார்னோ குழுவில் அமெரிக்காவுக்கு வந்தவர், மேடைகளில் சாப்ளின் வேஷம் கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சாப்ளின் நிழலில் தனித்தனியாகச் சுற்றிவிட்டுப் பிற்பாடு ஜோடி சேர்ந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். பில்லி ரிட்சி என்ற கிளாஸ்கோக்காரர் ஒருபடி மேலே போய், இந்த வேஷமே என்னுடையது, நான்தான் முதலில் போட்டேன் என்றார்.

ஹரால்ட் லாயிட் கதைதான் சிறந்தது. 1915இல் தயாரிப்பாளர் ஹால் ரோச்சோடு சேர்ந்து ‘லோன்சம் லூக்’ என்று ஒரு பாத்திரம். சாப்ளினைக் காப்பியடிக்கவும் வேண்டும், காப்பி என்று சொல்லவும் கூடாது. என்ன செய்தார்கள்? தலைகீழாக்கினார்கள். அங்கே தொளதொள என்றால் இங்கே உடம்பை ஒட்டிய இறுக்கமான சட்டை, அங்கே ஒரு கற்றை மீசை என்றால் இங்கே மூக்கின் கீழே இரண்டு புள்ளி. படங்கள் நன்றாகவே ஓடின. ஆனால் லாயிட் ஒருநாள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, தன் படம் தொடங்கியதும் ஒரு சிறுவன், ‘சாப்ளின் மாதிரி செய்யப் பார்ப்பானே, அவன் படம்’ என்று சொன்னது காதில் விழுந்ததாம். அப்புறம்தான் 1917இல் வேஷத்தைக் கழற்றிவிட்டு, வட்டக் கண்ணாடி போட்ட சாதாரண இளைஞனாக மாறினார். 1920களில் ஒரு படத்தில் உயரமான கட்டடத்தின் கடிகாரத்தில் தொங்கியவர் அந்தக் கண்ணாடிக்காரர்தான். ஒரு பொடியன் சொன்ன ஒரு வரி! இன்றைக்கு ரசிகர்கள் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள், எந்த நடிகர் கேட்கிறார்?

கடைசியில் கோர்ட்டும் வந்தது. சார்லஸ் அமாடோர் என்பவர் ‘சார்லி ஆப்ளின்’ என்று பெயர் வைத்துக்கொண்டு படம் எடுத்தார் (நம் ஊர் பஜாரில் ஒரு எழுத்து மாற்றி வரும் செருப்பு, வாட்ச் எல்லாம் ஞாபகம் வருகிறதா?). சாப்ளின் வழக்குப் போட்டு 1925இல் ஜெயித்தார், 1928இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். தொப்பி பிரம்பை யாரும் போடக்கூடாது என்பதற்காக அல்ல, சாப்ளின் என்று நம்பவைத்து ஜனங்களை ஏமாற்றக்கூடாது என்ற அடிப்படையில்.


பதுங்குகுழி:

போரைச் சேர்க்காமல் இந்தக் கதை முடியாது. 1914 ஜூலை கடைசியில் முதல் உலகப்போர் தொடங்குகிறது, அதாவது சாப்ளின் படங்கள் வரத் தொடங்கி ஆறே மாதம். பிரெஞ்சுப் படத் தொழில் முடங்கிப்போகிறது, அந்த இடத்துக்கு அமெரிக்கப் படங்கள் வருகின்றன. லாந்தேயின் சறுக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏற்கெனவே தெரிந்த ஒரு மெட்டில் சாப்ளினைப் பற்றி வரி கட்டிப் பாடினார்கள். நிலா அவர்மேல் காய்கிறது, பூட்ஸுக்கு மெழுகு இல்லை, அவரை டார்டனெல்ஸ் போர்முனைக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கால்சட்டையைத் தைத்துக் கொடுங்கள் என்ற பொருளில் போகும். பாசமும் குத்தலும் கலந்த பாட்டு. ஏனென்றால் அவர் படையில் சேரவில்லை. இங்கிலாந்துப் பத்திரிகைகள் திட்டின, கோழை என்று குறிக்க வெள்ளை இறகைத் தபாலில் அனுப்பினார்கள். அதே சமயம் மருத்துவமனையில் மல்லாந்து படுத்திருந்த காயம்பட்ட சிப்பாய்களுக்காக உத்தரத்தில் அவர் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வெறுப்பும் ஆசையும் ஒரே ஆள்மேல், இதுவும் ரசிகத்தனத்தில் அடக்கம்தான். 1918 ஏப்ரலில் போர்க்கடன் பத்திரம் விற்க நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டுக்கு வந்தபோது எடுத்த புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள், நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அவரைத் தூக்கிப் பிடித்திருப்பார், கீழே தெரிவதெல்லாம் தொப்பிகள்.

நான் சொல்ல வந்தது ஜெர்மனியைப் பற்றி. போர் காரணமாகச் சாப்ளின் படங்கள் அங்கே போகவே இல்லை, 1921இல்தான் முதன்முதலாகக் காட்டத் தொடங்கினார்கள். அதே 1921 செப்டம்பரில் அவர் ஐரோப்பா வருகிறார். லண்டனில் ரயில் நிலையத்திலிருந்து ஹோட்டல்வரை ஜனக்கடல், முதல் மூன்று நாளில் 73,000 கடிதங்கள், அதில் நான் உன் சொந்தக்காரன் என்று எழுதியவர்கள் மட்டும் சில நூறு பேர். அங்கிருந்து பாரிஸ், பிறகு பெர்லின். பெர்லினில் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரவு விடுதியில் ஒரு மூலை மேசையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள், பிறகு அவரைத் தெரிந்த யாரோ அடையாளம் கண்டு சொன்ன பிறகுதான் மரியாதை கிடைத்தது.

அதே ஆள், அதே மாதம், அதே மேதைமை. படப்பெட்டி போன ஊரில் 73,000 கடிதம், போகாத ஊரில் மூலை மேசை. @பழைய_ரீல் சொன்ன பிரதிக் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.


மூன்றாம்_ஆட்டம்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. @பதுங்குகுழி பெர்லின் விஷயம் எனக்கு முற்றிலும் புதிது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. இவ்வளவும் வெளியே நடந்துகொண்டிருக்கும்போது அவருக்கே தெரிந்ததா? லாஸ் ஏஞ்சலஸில் காலையிலிருந்து ராத்திரிவரை ஸ்டுடியோவில் கிடக்கிற மனிதருக்கு ஊர் நாட்டில் நடப்பது எப்படித் தெரியும்?


பழைய_ரீல்:

தெரியவில்லை! அதுதான் இந்தக் கதையின் சிறந்த இடம், முன்னாலேயே சொல்ல மறந்துவிட்டேன். 1916 தொடக்கத்தில், எஸ்ஸனே முடிந்து மியூச்சுவல் ஒப்பந்தம் பேசுவதற்காக நியூயார்க்குக்கு ரயிலேறுகிறார். ஐந்து நாள் பயணம், யாருக்கும் தெரியாமல் ஓய்வாகப் போகலாம் என்று நினைப்பு. வேஷம் இல்லாவிட்டால் அவரை அடையாளம் தெரியாது அல்லவா? டெக்சாஸில் அமரில்லோ என்ற ஊர் வருகிறது. ரயில் உள்ளே நுழையும்போது இவர் உள்ளாடையோடு நின்று சவரம் செய்துகொண்டிருக்கிறார். ஜன்னல் வழியே பார்த்தால் நிலையத்தில் தோரணம், பெருங்கூட்டம். யாரோ பெரிய மனிதர் வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டு சோப்பு நுரையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் கூட்டம் பெட்டிக்குள் ஏறி, சார்லி சாப்ளின் எங்கே என்று கேட்கிறது.

எப்படித் தெரிந்தது என்றால், நியூயார்க்கில் இருந்த அண்ணன் சிட்னிக்கு இன்ன ரயிலில் வருகிறேன் என்று தந்தி கொடுத்திருந்தார். தந்தி அலுவலகத்தில் இருந்தவர்கள் வழியோரத்து ஊர்களுக்கெல்லாம் செய்தியைத் தட்டிவிட்டார்கள். கான்சாஸ் சிட்டியிலும் கூட்டம், சிகாகோவிலும் கூட்டம். நியூயார்க் போலீஸ் தலைவர், கிராண்ட் சென்ட்ரலில் தாங்காது, தயவுசெய்து 125ஆம் தெரு நிறுத்தத்திலேயே இறங்கிவிடுங்கள் என்று செய்தி அனுப்பினார். ஆக, ‘இணையம் இல்லாத காலம்’ என்று நாம் சொல்வதும் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது. கம்பி இருந்தது, கம்பியின் முனையில் வேலை செய்தவர்களும் ரசிகர்களாக இருந்தார்கள்.

நேரம் கிடைத்தால் அவருடைய இரண்டாவது படத்தைப் பாருங்கள், 1914 பிப்ரவரி 7இல் வந்தது, சில நிமிஷம்தான். கலிஃபோர்னியாவில் வெனிஸ் என்ற கடற்கரை ஊரில் சிறுவர்களுக்கு வண்டிப் பந்தயம் நடக்கிறது, நிஜமான பந்தயம், நிஜமான கூட்டம். அதைப் படம் எடுக்க வந்த கேமராவின் குறுக்கே ஒருவன் வந்து வந்து நிற்கிறான், அவ்வளவுதான் கதை. நாடோடி வேஷத்தை வெளியுலகம் பார்த்த முதல் படம் அது. சாப்ளினைப் பார்க்காதீர்கள், பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். ஆரம்பத்தில் பந்தயத்தைப் பார்க்கிறார்கள். யாரடா இவன் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டிகளை விட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.


மூன்றாம்_ஆட்டம்:

பார்த்தேன், மூன்று தடவை. அக்கா மகளும் பார்த்தாள், அவளுக்குப் பந்தய வண்டிதான் பிடித்ததாம். தொடர்பில்லாத ஒரு கேள்வி, @தூக்குச்சட்டி அந்த லோன்சம் லூக் படங்கள் எங்கேயாவது கிடைக்குமா? இறுக்கிய சட்டையோடு ஒரு சாப்ளின் எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.


தூக்குச்சட்டி:

பெரும்பாலும் போய்விட்டது. 1943இல் லாயிட் வீட்டுப் படப்பெட்டகத்தில் தீப்பிடித்தது, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம், நொடியில் போயிருக்கும், அதில் லூக் படங்கள் நிறைய எரிந்தன. மிச்சம் இருப்பதில் 1916இல் வந்த ‘லூக்ஸ் மூவி மடில்’ என்பதைத் தேடிப் பாருங்கள். லூக் அதில் ஒரு சினிமாக் கொட்டகை நடத்துகிறான், டிக்கெட் கொடுப்பது முதல் ஆளை உட்காரவைப்பது வரை எல்லாம் அவனே. படம் சுமார்தான். ஆனால் அந்தக் காலக் கொட்டகையில் ஜனங்கள் எப்படி அடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள் என்று பார்க்கலாம்.